நொதி ஏன் வேலையை நிறுத்துகிறது?

நேற்று நன்றாக வேலை செய்த நொதிக் கரைசல் இன்று பாதிதான் வேலை செய்கிறது என்றால், பலரும் முதலில் பழி போடுவது அதை விற்றவர் மீது. அடுத்து கருவி மீது. தான் கரைத்த பஃபரை, அதாவது பிஎச் மாறாமல் காக்கும் கரைசலை, திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு. "ஐஸிலேயே வை, நுரைக்க விடாதே, உறையவைத்து உருக்கி விளையாடாதே" என்று ஆய்வகங்களில் வாய்வழியாக வரும் விதிகளைப் பெரும்பாலும் காரணம் கேட்காமலே மனப்பாடம் செய்கிறோம். அவற்றில் முக்கால்வாசி ஒரே உண்மையிலிருந்து கிளைத்தவை: நொதி ஒரு புரதம், அதாவது குறிப்பிட்ட வடிவில் மடிந்த அமினோ அமிலச் சங்கிலி; அந்த மடிப்பு மயிரிழையில் நிற்கிறது.

எண்ணில் சொல்வதானால், சாதாரண அளவுள்ள ஒரு புரதத்தின் மடிந்த நிலைக்கும் அவிழ்ந்த நிலைக்கும் இடையிலான கட்டில்லா ஆற்றல் (எந்த நிலை நிலைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல்) வேறுபாடு மோலுக்குச் சுமார் 20 முதல் 60 கிலோஜூல்தான். ஒரே ஒரு கார்பன்-கார்பன் பிணைப்பை உடைக்கவே ஏறத்தாழ 350 கிலோஜூல் வேண்டும். ஆயிரக்கணக்கான அணுக்கள் கொண்ட மூலக்கூறின் வடிவம் முழுவதும் சில ஹைட்ரஜன் பிணைப்புகளின் பெறுமானத்தில் தொங்குகிறது.

இவ்வளவு குறைவாக இருக்கக் காரணம், இரண்டு பக்கமும் இழுக்கும் விசைகள் பெரியவை என்பதே. நீரை வெறுக்கும் பக்கச்சங்கிலிகள் (லியூசின், வாலின், ஐசோலியூசின், ஃபீனைல்அலனின் போன்றவை) உள்ளே ஒதுங்கும்போது அவற்றைச் சுற்றி ஒழுங்குபட்டிருந்த நீர் மூலக்கூறுகள் விடுபடுகின்றன. அது மடிப்புக்குச் சாதகம். சங்கிலி தன் இஷ்டத்துக்கு ஆடும் சுதந்திரத்தை இழக்கிறது. அது பாதகம். உள்ளே உருவாகும் ஹைட்ரஜன் பிணைப்புகள் லாபம்போலத் தோன்றும். ஆனால் அவிழ்ந்த நிலையில் அதே அணுக்கள் நீரோடு பிணைந்திருந்தன என்பதால் நிகர லாபம் கொஞ்சம்தான். தராசின் இரு தட்டிலும் பெரிய கற்கள் இருக்கின்றன. முள் சாய்வது ஒரு குன்றிமணி எடையால். பிஎச், வெப்பநிலை, உப்பு என எது மாறினாலும் அந்தக் குன்றிமணிதான் முதலில் அசையும்.

சங்கிலியின் அடிப்படைக் கணக்கு சுருக்கமாக. 20 வகை அமினோ அமிலங்கள். சங்கிலியில் ஓர் அலகின் சராசரி எடை சுமார் 110 டால்டன் (ஒரு ஹைட்ரஜன் அணு ஏறத்தாழ 1 டால்டன்). ஆக 40 கிலோடால்டன் புரதம் என்றால் ஏறத்தாழ 360 அலகுகள். அலகுகளைக் கோக்கும் பெப்டைடு பிணைப்பின் நீளம் 1.33 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு). சாதாரண கார்பன்-நைட்ரஜன் ஒற்றைப் பிணைப்பைவிட இது குட்டையானது, ஏனெனில் இதில் பாதி இரட்டைப் பிணைப்பின் குணம் உண்டு. அதனால் அது திரும்பாது, தட்டையாகவே இருக்கும். ஒவ்வோர் அலகிலும் சங்கிலியின் முதுகெலும்பு சுழலக்கூடிய இடங்கள் இரண்டே. இந்தத் தட்டைத்தன்மையை விட்டுக்கொடுக்காமல் மாதிரி கட்டியதால்தான் பாலிங், கோரி, பிரான்சன் மூவரும் 1951-இல், சங்கிலி திருகுபோலச் சுற்றும் வடிவமான ஆல்ஃபா சுருளைச் சரியாகக் கணித்தார்கள்: சுற்றுக்கு 3.6 அலகுகள், சுற்றின் உயரம் 5.4 ஆங்ஸ்ட்ராம்.

மடிப்புக்கான தகவல் அமினோ அமில வரிசையிலேயே இருக்கிறது என்று காட்டிய சோதனையைப் பாடப்புத்தகங்கள் பாதியோடு நிறுத்திவிடுகின்றன. மீதிப் பாதிதான் கைவேலைக்கு உதவுவது. ஆர்என்ஏவை வெட்டும் நொதியான ரிபோநியூக்ளியேஸ் ஏ: 124 அலகுகள், கந்தகம் கொண்ட எட்டு சிஸ்டைன்கள், அவை இரண்டிரண்டாகச் சேர்ந்த நான்கு டைசல்ஃபைடு பிணைப்புகள். அன்ஃபின்சன் இதை, மடிப்பைக் குலைக்கும் 8 மோலார் யூரியாவிலும் டைசல்ஃபைடுகளை உடைக்கும் மெர்காப்டோஎத்தனாலிலும் போட்டு முழுவதும் அவிழ்த்தார். இரண்டையும் டயாலிசிஸ் (சவ்வு வழியாகச் சிறு மூலக்கூறுகளை வெளியேற்றுவது) மூலம் நீக்கி, காற்றில் ஆக்சிஜனேற்றம் நடக்க விட்டபோது செயல்திறன் ஏறக்குறைய முழுவதும் திரும்பியது. இது எல்லோருக்கும் தெரிந்த பாதி. யூரியா இருக்கும்போதே ஆக்சிஜனேற்றம் நடந்தால் என்ன ஆகும்? எட்டு சிஸ்டைன்கள் ஜோடி சேர 7 × 5 × 3 = 105 வழிகள் உண்டு. வழிகாட்ட மடிப்பு இல்லாததால் கண்டபடி ஜோடி சேர்ந்து, சுமார் 1 சதவீதச் செயல்திறனோடு நின்றுவிடும். பின்பு யூரியாவை நீக்கினாலும் சிக்கல் தானாக அவிழாது. மெர்காப்டோஎத்தனாலைத் துளியளவு சேர்த்தால் தவறான பிணைப்புகள் உடைந்து உடைந்து சேர்ந்து, சில மணி நேரத்தில் சரியான ஜோடிகளுக்கு வந்து நிற்கும். பாக்டீரியாவில் தயாரித்துத் திரண்டுபோன புரதத்தைத் திரும்ப மடிக்க முயல்பவர்கள், கந்தகம் கொண்ட சிறு பெப்டைடான குளூட்டதயோனை, ஒடுங்கிய வடிவிலும் ஆக்சிஜனேற்றமடைந்த வடிவிலும் கலந்து பஃபரில் சேர்ப்பது இதே காரணத்துக்காகத்தான்.

செயல்மையத்துக்கு, அதாவது நொதியில் வினை நடக்கும் இடத்துக்கு, வருவோம். புரதத்தை வெட்டும் நொதியான கைமோட்ரிப்சினில் வேலை செய்யும் மூவர் (எண் சங்கிலியில் அவரவர் இடம்): ஹிஸ்டிடின் 57, அஸ்பார்ட்டேட் 102, செரின் 195. சங்கிலி வரிசையில் முதலாமவருக்கும் கடைசியானவருக்கும் இடையே 138 இடங்கள் தூரம். மடிப்புதான் அவர்களை அருகருகே கொண்டுவந்து உட்கார வைக்கிறது. செரினின் ஆக்சிஜன் பெப்டைடு பிணைப்பின் கார்பனைத் தாக்கும்போது, அந்தக் கார்பனோடு இருக்கும் ஆக்சிஜனில் எதிர்மின்னூட்டம் திரளும். அதைத் தாங்கிப் பிடிக்க 193, 195 ஆகிய இடங்களின் முதுகெலும்பு நைட்ரஜன்கள் ஒரு சின்னக் குழியாக அமைந்திருக்கின்றன. அதே மடிப்புள்ள ட்ரிப்சினில், பிடிக்கும் பையின் அடியில் 189-ஆம் இடத்தில் எதிர்மின்னூட்டமுள்ள அஸ்பார்ட்டேட் இருக்கிறது. அதனால் அது நேர்மின்னூட்டமுள்ள லைசின், ஆர்ஜினின் அருகே வெட்டும். கைமோட்ரிப்சினில் அந்த இடத்தில் செரின்; அது ஃபீனைல்அலனின், டைரோசின், ட்ரிப்டோஃபேன் பக்கம் போகும்.

நொதி செய்வது, வினை கடக்க வேண்டிய இடைநிலையை வினைபடுபொருளைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்வது. 25 °செ-இல் வினைத்தடை மோலுக்கு 5.7 கிலோஜூல் குறைந்தால் வேகம் பத்து மடங்கு கூடும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் விளங்கும். ஒரு நல்ல ஹைட்ரஜன் பிணைப்பு இடம் தவறினாலே நூறு மடங்கு வேகம் போய்விடும். இன்னொரு புரதம்வெட்டும் நொதியான சப்டிலிசினில் அதே வேலை செய்யும் ஆக்சிஜன் குழியைத் தாங்கும் அஸ்பராஜின் 155-ஐ மாற்றினால் நிகழ்வதும் அதுதான்: வினைபடுபொருள் முன்புபோலவே ஒட்டும், வேகம் மட்டும் நூறு மடங்குக்கு மேல் விழும்.

இதிலிருந்து வரும் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டும். எஸ்டிஎஸ் ஜெல்லில் (புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துக் காட்டும் முறை; எஸ்டிஎஸ் ஒரு சவர்க்காரம்) சுத்தமான ஒற்றைப் பட்டை தெரிவது நொதி உயிரோடு இருப்பதற்குச் சான்று அல்ல. எஸ்டிஎஸ் எப்படியும் மடிப்பை அவிழ்த்துவிட்டுத்தான் ஓட்டுகிறது. செயல்மையம் அரை ஆங்ஸ்ட்ராம் குலைந்த புரதமும் முழுதாக இருக்கும் புரதமும் அங்கே ஒரே இடத்தில்தான் நிற்கும். நொதியை அளக்க ஒரே வழி அதை வேலை செய்ய விடுவது.

அளந்து பார்ப்பது

பழக எளிதானது, மூலக்கூறுகளிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றும் கார பாஸ்படேஸ். வினைபடுபொருள் பாரா-நைட்ரோஃபீனைல் பாஸ்பேட், நிறமற்றது. பாஸ்பேட் கழன்றதும் வெளிவரும் நைட்ரோஃபீனால் காரத்தில் மஞ்சள். அது 405 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று கருவியில் படிக்கலாம். 1 மில்லிலிட்டர் குவெட்டுக்கு (கருவியில் வைக்கும் ஒளிபுகும் சிறு குப்பி): 1 மோலார் டைஎத்தனாலமீன் பஃபர், பிஎச் 9.8, அதில் 0.5 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, இது 940 மைக்ரோலிட்டர். 100 மில்லிமோலார் வினைபடுபொருள் கரைசல் 50 மைக்ரோலிட்டர். அப்போது குவெட்டில் 5 மில்லிமோலார் இருக்கும். ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட டைசோடியம் உப்பாக இருந்தால் மில்லிலிட்டருக்கு 37 மில்லிகிராம் கரைக்க வேண்டும். இவற்றை 37 °செ-இல் குறைந்தது ஐந்து நிமிடம் வைத்து, கடைசியாக 10 மைக்ரோலிட்டர் நொதியைச் சேர்த்து, பாராஃபில்மால் மூடி இரண்டு மூன்று முறை கவிழ்த்துக் கலக்கி, 15 நொடிக்கு ஒரு முறை மூன்று நிமிடம் வரை படிக்கவும்.

கணக்கு: உறிஞ்சல் நிமிடத்துக்கு 0.120 என்று ஏறுகிறது, நொதி சேர்க்காத குவெட் 0.002 ஏறுகிறது என்றால் நிகரம் 0.118. மில்லிமோலார் உறிஞ்சல் கெழு (1 மில்லிமோலார் நைட்ரோஃபீனால் தரும் உறிஞ்சல்) 18.5, வகுத்தால் நிமிடத்துக்கு 0.0064 மில்லிமோலார். 1 மில்லிலிட்டரில் அது 6.4 நானோமோல், அதாவது 0.0064 யூனிட். சேர்த்தது 10 மைக்ரோலிட்டர் என்பதால் மில்லிலிட்டருக்கு 0.64 யூனிட். முன்பே நூறு மடங்கு நீர்த்திருந்தால் மூலக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 64 யூனிட். யூனிட் என்பது நிமிடத்துக்கு ஒரு மைக்ரோமோல். கட்டால் என்ற அலகில் எழுதச் சொன்னால் ஒரு யூனிட் 16.67 நானோகட்டால்.

இனி கெடும் இடங்கள். இந்த நொதிக்கு பாஸ்பேட்டே தடுப்பான். வினையின் விளைபொருள் அதுதான், செயல்மையத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பாஸ்பேட் கலந்த உப்புக் கரைசலில் நீர்த்துவிட்டு "நொதி செத்துவிட்டது" என்று தூக்கிப் போடுவது அடிக்கடி நடக்கும் கூத்து. இடிடிஏ இன்னொன்று. ஒவ்வொரு செயல்மையத்திலும் இரண்டு துத்தநாகம், ஒரு மெக்னீசியம் இருக்கின்றன. இடிடிஏ அவற்றைப் பிடுங்கிவிடும். டிஎன்ஏ வேலைக்காகத் தயாரித்த டிரிஸ்-இடிடிஏ பஃபரை "டிரிஸ்தானே" என்று எடுப்பவர்கள் இதில் மாட்டுகிறார்கள்.

வினைபடுபொருள் தூளோ கரைசலோ ஏற்கெனவே மஞ்சளாக இருந்தால் அது ஓரளவு சிதைந்தது. தொடக்க உறிஞ்சலே 0.3-க்கு மேல் நின்றால் புதிதாகக் கரையுங்கள். அமில பாஸ்படேஸை பிஎச் 5-இல் இதே முறையில் அளக்கப் போனால் நிறமே வராது. நைட்ரோஃபீனாலின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் மஞ்சள் அயனியாகும் பிஎச்) 7.15, அமிலத்தில் அது நிறமற்றே இருக்கும். அங்கே குறித்த நேரத்தில் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து நிறுத்திவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

வெப்பநிலையைச் சாதாரணமாக எண்ணவே கூடாது. பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிப்பாகும் என்று வைத்தால் மூன்று டிகிரி பிசகு 23 சதவீதப் பிழை. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பஃபரை நேரே குவெட்டில் ஊற்றி அளந்தால், கோடு முதலில் படுத்திருந்து பிறகு நிமிர்வது தெரியும். நொதி விழித்துக்கொள்கிறது என்று அதற்கு விளக்கம் தேட வேண்டாம். கரைசல் சூடாகிறது, அவ்வளவுதான். இரண்டாவது நொதியை வைத்து விளைபொருளை அளக்கும் இணைப்பு முறைகளில் இதேபோன்ற தாமதம் வேறு காரணத்தாலும் வரும்: இணைப்பு நொதி போதவில்லை. அதை இரட்டித்துப் பாருங்கள். வேகம் மாறினால் நீங்கள் அளந்துகொண்டிருந்தது தவறான நொதியை.

மாணவர்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாட்டுச் சோதனைதான் சொல்லித்தர முடியும் என்றால் இதைச் சொல்லித்தரலாம்: நொதியின் அளவை இரட்டியுங்கள், வேகம் இரட்டிக்கிறதா பாருங்கள். இரட்டிக்காமல் குறைவாக ஏறினால், கருவி எல்லையைத் தாண்டிவிட்டது அல்லது வினைபடுபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது. மேற்சொன்ன சோதனையில் வினைபடுபொருளில் பத்தில் ஒரு பங்கு மாறினாலே உறிஞ்சல் 9-ஐத் தாண்டும். எனவே இங்கே முதலில் கைவிடுவது கருவிதான், 2-க்கு மேல் காட்டும் எண்ணை நம்ப வேண்டாம். இரண்டு மடங்குக்கும் அதிகமாக ஏறினால் சந்தேகம் குழாயின் சுவர் மீது போக வேண்டும். மில்லிலிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவுக்கு நீர்த்த புரதம் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். நீர்க்கும் பஃபரில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் மாட்டு சீரம் ஆல்புமின் சேர்த்தால், சுவரை அது பிடித்துக்கொள்ளும், உங்கள் நொதி தப்பும்.

கேஎம் மதிப்பு (உச்ச வேகத்தில் பாதி கிடைக்கும் வினைபடுபொருள் செறிவு) காண்பவர்களுக்கு ஒன்று மட்டும். உச்ச வேகத்தின் 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை போக வினைபடுபொருள் செறிவை 81 மடங்கு மாற்ற வேண்டும். 1, 2, 3, 4, 5 மில்லிமோலார் என்று அடுக்கி அளந்துவிட்டு, தலைகீழ் வரைபடத்தில் (1/வேகம், 1/செறிவு) நேர்கோடு வந்தது என்று மகிழ்வதில் பொருளில்லை. கேஎம்-இன் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்து மடங்கு வரையாவது பரப்புங்கள். தலைகீழ் வரைபடம் மிகக் குறைந்த செறிவில் எடுத்த, மிகவும் பிழையுள்ள புள்ளிக்கே அதிக எடை தரும். கணினி இருக்கும் காலத்தில் வேகத்தையும் செறிவையும் இணைக்கும் மைக்கேலிஸ்-மென்டன் சமன்பாட்டையே நேரடியாகப் பொருத்துவதுதான் முறை.

சேமிப்பில் சாவது

டிரிஸ் பஃபரின் பிஎச் டிகிரிக்கு ஏறத்தாழ 0.03 நகரும். 25 °செ-இல் 8.0 என்று சரிசெய்தது 4 °செ-இல் 8.6-ஐ ஒட்டி இருக்கும். குளிரறையில் வேலை என்றால் பஃபரைக் குளிரிலேயே சரிசெய்யுங்கள். சோடியம் பாஸ்பேட்டின் துரோகம் வேறு வகை. அறையில் சாது, உறையும்போது டைசோடியம் உப்பு முதலில் படிகமாகி விலக, மிச்சமிருக்கும் திரவத்தின் பிஎச் 7-லிருந்து 4-ஐ நோக்கிச் சரியும். பனிக்கட்டியாவது நீர் மட்டுமே என்பதால் புரதமும் மிஞ்சிய உப்பும் அந்தக் கடைசித் துளிகளில் நெருக்கியடித்துக் கிடக்கும். குன்றிமணி நகர இது போதும். பொட்டாசியம் பாஸ்பேட்டில் இந்தச் சரிவு மிகக் குறைவு.

வழி எளிது. ஒன்று, 50 சதவீத கிளிசரால் சேர்த்து −20 °செ-இல் வைப்பது. கரைசல் உறையவே உறையாது. வணிக நொதிகள் பல இப்படித்தான் வருகின்றன. அவற்றை −80-க்கு மாற்றுவது அக்கறை அல்ல, கெடுதல். கிளிசரால் கனமானது, நுனியில் ஒட்டிக்கொண்டு வரும். பைப்பெட் நுனியை ஆழமாக முக்காமல், மெதுவாக உறிஞ்சுங்கள். இன்னொன்று, 20 முதல் 50 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்து, திரவ நைட்ரஜனில் சட்டென்று உறையவைத்து −80-இல் வைப்பது. ஒரு பங்கை ஒரு முறைதான் உருக்க வேண்டும்.

நுரை கெடுதல் என்பதும் அதே மடிப்புக் கதை. காற்று-நீர் எல்லையில் புரதம் தன் நீர்வெறுக்கும் உட்புறத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி அவிழும். வார்டெக்ஸ் (குழாயை வேகமாகச் சுழற்றிக் கலக்கும் கருவி) வேண்டாம், கவிழ்த்துக் கலக்கினால் போதும்.

குளிர் எப்போதும் நண்பன் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நீர்வெறுப்பு விளைவு குளிரில் பலவீனமாகும். பல துணையலகுகள் சேர்ந்த சில நொதிகள் அதனால் குளிரில் பிரிந்துவிடும். பைருவேட் கார்பாக்சிலேஸ் பழைய உதாரணம். மருத்துவ ஆய்வகத்தில் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதியைப் பார்க்க வேண்டிய சீரத்தைக் குளிர்பெட்டியில் வைக்காமல் அறை வெப்பநிலையில் வைப்பதற்கும் காரணம் இதுவே: அதன் கல்லீரல் வகை ஐசோநொதி (அதே வேலை செய்யும் வேறு வடிவம்) குளிரில் செயல்திறன் இழக்கும்.

செல்லை உடைத்து எடுக்கும்போது வேறு பகை: புரதத்தையே தின்னும் புரதங்கள், அதாவது புரோட்டியேஸ்கள். அவற்றைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப் சேர்ப்பது வழக்கம். அது மேலே சொன்ன செரின் 195 போன்றவற்றோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் நீரில் அதன் ஆயுள் குறைவு: 25 °செ-இல் அரை ஆயுள் பிஎச் 7-இல் 110 நிமிடம், பிஎச் 8-இல் வெறும் 35. காலையில் பஃபரில் கலந்து வைத்து மதியம் செல்லை உடைத்தால் பெரும்பகுதி போயிருக்கும். ஐசோபுரோபனாலில் 100 மில்லிமோலாராகக் கரைத்து வைத்து, உடைக்கும் தருணத்தில் 1 மில்லிமோலார் வருமாறு சேர்க்கவும். நச்சுப் பொருள், கையுறை கட்டாயம். உலோகம் கொண்டு வேலை செய்யும் புரோட்டியேஸ்களை இது தடுக்காது; சிஸ்டைன் கொண்டு வேலை செய்பவற்றுக்கு இதை நம்ப முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும்: கரைசலில் இருக்கும் மூலக்கூறுகளில் எத்தனை உண்மையில் உயிரோடு இருக்கின்றன? புரதத்தின் மொத்த அளவைக் காட்டும் 280 நானோமீட்டர் புற ஊதா அளவீடு உயிருள்ளதையும் செத்ததையும் சேர்த்தே எண்ணும். அதுவும் ட்ரிப்டோஃபேனையும் டைரோசினையும் நம்பியது. ட்ரிப்டோஃபேனே இல்லாத ரிபோநியூக்ளியேஸ் ஏ-க்கும் அது உள்ள ஆல்புமினுக்கும் ஒரே கெழுவைப் போட முடியாது. கைமோட்ரிப்சினுக்கு ஓர் அழகான வழி உண்டு. பாரா-நைட்ரோஃபீனைல் அசிட்டேட் கொடுத்தால், நொதி முதல் படியை வேகமாக முடித்து நைட்ரோஃபீனாலை வெளியே விட்டுவிடும். அசிட்டைல் தொகுதி மட்டும் செரினில் ஒட்டிக்கொண்டு மெதுவாகத்தான் விலகும். எனவே மஞ்சள் நிறம் முதலில் ஒரு தாவலாக எழுந்து, பிறகு சாய்வான நேர்கோடாகும். அந்த நேர்கோட்டைப் பின்னோக்கி நேரம் பூஜ்யம் வரை நீட்டினால் வெட்டும் உயரம்தான் உயிருள்ள நொதியின் அளவு: மூலக்கூறுக்கு ஒரு நைட்ரோஃபீனால்.

280-இல் 10 மைக்ரோமோலார் என்று காட்டிய கரைசல் 6 மைக்ரோமோலார் தாவல் தந்தால், மீதி 4 சும்மா கிடக்கிறது. தாவல் கண்ணுக்குத் தெரிய நொதி மைக்ரோமோலார் கணக்கில் வேண்டும், வழக்கமான அளவீட்டின் நானோமோலார் போதாது. வினைபடுபொருள் நொதி இல்லாமலும் நீரில் கொஞ்சம் சிதையும் என்பதால் வெறும் பஃபர் குவெட்டின் சாய்வைக் கழிக்க வேண்டும். பிஎச் 7-க்கும் 8-க்கும் இடையில் நைட்ரோஃபீனால் முழுவதும் மஞ்சளாக இருக்காது, 18.5 என்ற கெழுவை அப்படியே எடுத்துப் போடாமல், அதே பஃபரில் தெரிந்த செறிவுள்ள நைட்ரோஃபீனாலை அளந்து கெழுவை எடுத்துக்கொள்ளுங்கள்.